வத்தை என்று எழுதினால் ஓவியருக்குப் புரியுமா?

ராமநாதபுரத்தில் படக்கதை எழுதுவது பற்றி ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். அன்றைக்கு எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேள்வியெல்லாம் அப்புறம் வாட்ஸ்அப்பில்தான் வந்தது, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை. திரும்பத் திரும்ப வந்த சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

சார், கடையில் கிடைக்கும் காமிக்ஸ் முக்கால்வாசி வெளிநாட்டுக் கதை. தமிழில் எழுதுகிறவனுக்கு இடமே இல்லையா? (கல்லூரி மாணவர், மண்டபம்)

இருக்கிறது தம்பி, வாசல்தான் குறுகல். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. ஆள் பிரிட்டனில் பிறந்தவர். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதில் வந்து இன்றும் நம் ஆட்கள் கொண்டாடும் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். இதற்குக் காரணம் வாசகர் ரசனை மட்டும் இல்லை, கணக்கும்தான். வெளிநாட்டுக் கதைக்கு உரிமைத்தொகை கட்டினால் வரைந்து முடித்த பக்கங்கள் கைக்கு வந்துவிடும். மொழிபெயர்த்து, வசனத்தைக் கோத்து, அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான். புதுக்கதை என்றால் எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் மாதக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, விற்குமா விற்காதா என்று காத்திருக்க வேண்டும். அதனால் ஒருவர் வேண்டாம் என்றால் உங்களுக்கு எழுத வரவில்லை என்று அர்த்தம் இல்லை.

சொந்தச் சரக்குக்கு இங்கே எப்போதும் இடம் கொடுத்தவை நாளிதழ்களும் சிறுவர் இதழ்களும்தான். தினத்தந்தியில் கன்னித்தீவு 1960இலிருந்து ஓடுகிறது. வாண்டுமாமா படக்கதைகளை எழுதிக் குவித்தது சிறுவர் பத்திரிகைகளில். நீங்களும் 200 பக்கக் காவியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு பக்கம், நான்கு பக்கத்தில் முடிகிற கதையோடு சிறுவர் இதழ்களின் கதவைத் தட்டுங்கள்.

எனக்குக் கதை எழுத வரும். ஆனால் ஸ்கிரிப்ட் கேட்கிறார்கள். அது எப்படி இருக்க வேண்டும்? கடல்பாசி எடுக்கப் போகும் என் அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். (மாணவி, பாம்பன்)

நல்ல கதை கையில் இருக்கிறது, விடாதீர்கள். ஸ்கிரிப்டை வாசகர் யாரும் பார்க்கப் போவதில்லை. ஓவியர் ஒருவருக்காக நீங்கள் எழுதும் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பியதில் ஒரு வரி: "அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, பாறையிலிருந்த பாசியைப் பறித்து, பையில் திணித்துக்கொண்டு மேலே வந்தார்." சிறுகதைக்கு இது சரி. படக்கதையில் ஒரு கட்டத்துக்குள் ஒரு நொடிதான் அடங்கும். அம்மா மூழ்குவதையும் மேலே வருவதையும் ஒரே கட்டத்தில் எப்படி வரைவது? உடைத்துப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொள்ளும் கை. தண்ணீர் மட்டத்தில், கண்ணாடி போட்ட முகம். அடியில் பாறை, பாசி, பறிக்கும் விரல்கள். மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும் அம்மா. நான்கு கட்டம், வசனமே இல்லை. பேச்சு வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் ஒரு சொல் போதும்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து, ஆறு கட்டத்துக்கு மேல் திணிக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஒரு பேச்சுக் குமிழுக்குள் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் நான் வெட்டிவிடுவேன். அதற்குமேல் போனால் எழுத்து படத்தை மூடிவிடும். திடுக்கிட வைக்கும் கட்டத்தை இரட்டைப்படைப் பக்கத்தின் தலையில் வையுங்கள். தாளைப் புரட்டினால்தான் அது கண்ணில் படும். எதிர்ப்பக்கத்தில் வைத்தால் வாசகர் ஓரக்கண்ணால் முன்னாலேயே பார்த்துவிடுவார்.

இன்னொன்று, நான் பட்டது. என் முதல் படக்கதையில் "வத்தை கரையேறுகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். வத்தை என்பது எங்கள் கரையோரத்து நாட்டுப்படகு. ஓவியர் கோயம்புத்தூர்க்காரர். வந்த படத்தில் வளைந்த மூக்கோடு அழகான கேரளத்துப் படகு ஒன்று நின்றது! நான்கு பக்கமும் திரும்ப வரைந்தார், பாவம். தப்பு முழுக்க என்னுடையது. இப்போதெல்லாம் படகு, வலை, மீன் வாடி, பனையோலைக் கொட்டகை எதுவானாலும் போனில் மூன்று கோணத்தில் படம் எடுத்து ஸ்கிரிப்டோடு அனுப்பிவிடுகிறேன்.

ஓவியருக்கு எங்கே போவது? இப்போது காசு இல்லை, புத்தகம் விற்றதும் கொடுக்கலாமா? (கடை ஊழியர், தேவிபட்டினம்)

ஒரு பக்கத்தை நீங்கள் ஒரு மணி நேரத்தில் எழுதிவிடலாம். அதையே பென்சிலில் போட்டு, மை ஏற்றி, எழுத்துப் பொருத்த அவருக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். நூறு பக்கத்தைக் கடனுக்கு வரையச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? நான்கு பக்கத்துக்குச் சிறிய தொகையானாலும் முன்னாலேயே பேசிக் கொடுங்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் தங்கள் பெயரோடு அச்சில் வந்த பக்கம் தேவைப்படும். அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவில் வர வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

துபாயில் வேலை. ஆங்கிலம் நன்றாக வரும். மார்வெலுக்கு நேரே கதை அனுப்பலாமா? (கீழக்கரை)

அனுப்பினால் பிரிக்கக்கூட மாட்டார்கள். அவர்கள் கேட்காமல் வருகிற கதையைப் படித்துவிட்டு, நாளைக்கு அதே மாதிரி ஒன்று அவர்கள் புத்தகத்தில் வந்தால் வழக்காகிவிடும் என்ற பயம். வேறு இடத்தில் அச்சான வேலையைப் பார்த்து அவர்களே கூப்பிட்டால்தான் உண்டு. 1977இலிருந்து வரும் பிரிட்டன் வார இதழ் 2000 ஏடி கொஞ்சம் பரவாயில்லை. ஃபியூச்சர் ஷாக்ஸ் என்ற தலைப்பில் நான்கு பக்க அறிவியல் புனைவுகளைப் போடுகிறார்கள். அதற்குப் புதியவர்களிடமிருந்தும் ஸ்கிரிப்ட் வாங்கியிருக்கிறார்கள். எப்போது, எப்படி அனுப்பலாம் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து படித்துவிட்டு அனுப்புங்கள். பின்னாளில் 'வாட்ச்மென்' எழுதிப் புகழ்பெற்ற ஆலன் மூர் தொடக்க காலத்தில் இந்த நான்கு பக்கக் கதைகளை நிறைய எழுதியவர்.

சென்னைக்குக் குடிபோனால்தான் வாய்ப்பு வருமா? (ஏர்வாடி)

வேண்டாம். ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு ஒரு நடை போய் வாருங்கள், போதும். ஸ்கிரிப்ட் மின்னஞ்சலில் போகிறது.

கதையை வாங்கியவர் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போட்டுவிடலாமா? (ஆசிரியை, திருப்புல்லாணி)

படித்துவிட்டுப் போடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுதுகிறவருக்குச் சாதகமானது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த ஊருக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். ஆனால் தாளிலேயே "உலகம் முழுதும், நிரந்தரமாக" என்று இருந்தால் இந்தப் பாதுகாப்பு உதவாது. அந்த இரண்டு சொல்லைத் தேடுங்கள், இருந்தால் அடித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். கதாபாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஒரு வரியில் எழுதி வாங்குங்கள். "என் ஐடியாவைத் திருடிவிட்டார்கள்" என்று வருகிறவர்களுக்கு ஒன்று: வெறும் யோசனைக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது. எழுதி முடித்ததற்குத்தான் உண்டு.

அண்ணே, விசைப்படகில் போகிறேன். இதை நம்பித் தொழிலை விடலாமா? (ராமேஸ்வரம்)

விடாதீர்கள் தம்பி. எனக்கும் வீட்டு வாடகை மொழிபெயர்ப்பிலிருந்துதான் வருகிறது, படக்கதையிலிருந்து இல்லை. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தானே நிற்கும்? வலை பின்னுகிற நேரம் போக மிச்சத்தில் ஒரே ஒரு நான்கு பக்கக் கதை எழுதுங்கள். இரவில் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் படகில் யார் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதை எழுதி ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்புங்கள். படகின் படங்களையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.