நாமே பால் ஊற்றும் சொசைட்டியில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எம்.காம். முடித்த மகள் கூட்டுறவு சங்கங்களைப் பற்றி பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். "தினமும் இரண்டு வேளை நாமே சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். அதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? அஞ்சு வருஷம் போய்விட்டால் சம்பளம், கல்யாணம் எல்லாம் என்ன ஆவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். முதலில் பணத்தைப் பேசிவிடுவோம்.

உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆய்வில் சேரவே வேண்டாம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். தேர்வை வணிகவியலில் எழுதட்டும். பிஎச்.டி.யையும் வணிகவியலிலேயே பதிவு செய்துவிட்டு, தலைப்பைக் கூட்டுறவில் வைத்துக்கொள்ளட்டும். பி.காம். இல்லாத கலைக் கல்லூரி நம் பக்கம் அரிது. நாளை உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இது கைகொடுக்கும்.

சங்கத்திலேயே வேலை பார்க்க ஆசை என்றால் அதற்கு பிஎச்.டி. தேவையில்லை. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சியும் ஆள்சேர்ப்பு நிலையத் தேர்வும் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் மகள் கேட்பது வேறு.

அவள் என்ன கேட்கிறாள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்பெயினில் மோன்ட்ராகான் என்ற ஊரில் 1956-ல் தொடங்கியது ஒரு தொழிலாளர் கூட்டுறவு. வேலை செய்பவர்களே முதலாளிகள், ஆளுக்கு ஓர் ஓட்டு. பெரிய குழுமமாக வளர்ந்த அதில், குளிர்பதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் செய்துவந்த ஃபாகோர் நிறுவனம் 2013-ல் திவாலானது. அங்கே இருந்த உறுப்பினர்களில் பலருக்குக் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகள் வேலை கொடுத்தன. ஒரு தனியார் கம்பெனி மூடும்போது இப்படி நடக்குமா? அதே சமயம், ஆளுக்கு ஓர் ஓட்டு இருந்தும் ஏன் நஷ்டத்தை முன்கூட்டியே நிறுத்த முடியவில்லை? இன்னொரு பக்கம், கேரளத்தில் 1925-ல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம் நூறு வருடம் தாண்டியும் சாலையும் பாலமும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று ஏன் நிற்கிறது, ஒன்று ஏன் விழுகிறது? இதற்கு விடை தேட கணக்குப் பேரேடும் படிக்கத் தெரிய வேண்டும், மனிதர்களோடும் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். இரண்டும் சேர்ந்தவர்கள் குறைவு. பால் ஊற்றும் வீட்டுப் பெண் என்பதால் உங்கள் மகளுக்கு இரண்டாவது ஏற்கெனவே பாதி கைவந்திருக்கும்.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. சென்னை மாகாண அரசுக்காக ஃபிரெடெரிக் நிக்கல்சன் ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1890-களில் அறிக்கை எழுதினார். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் கடன் சங்கமும் திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தொடங்கின.

எங்கே படிப்பது? காந்திகிராமத்தில் கூட்டுறவுக்கென்றே துறை இருக்கிறது. குஜராத்தின் ஆனந்தில் 1979-ல் வந்த இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனம், 2025 முதல் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் அங்கம். வெளிநாடு என்றால் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகம், அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகம். ஆனால் என் அனுபவத்தில் கல்லூரிப் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம். அவர் கடைசியாக எந்தச் சங்கத்துக்கு நேரில் போனார் என்று உங்கள் மகள் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஒரு சிரமத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்கங்கள் ஆவணத்தை எளிதில் காட்டாது. அரசிடமிருந்து கணிசமாக நிதி பெறாத சங்கங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் நேரடியாக வராது என்று, கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. பதிவாளர் அலுவலகம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதால், அவர்கள் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அங்கே கேட்கலாம். இதற்கு நடக்கும் பொறுமை இருக்கிறதா என்பதைத்தான் நான் அவளிடம் முதலில் கேட்பேன்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பம் போடும் முன் ஒரு மாதம் உங்கள் சங்கத்துக்கே அவளை அனுப்புங்கள். துணைவிதிகளைப் படிக்கட்டும், செயலாளரிடம் பேசி கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பார்க்கட்டும். அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். அங்கே எத்தனை பெண்கள் வருகிறார்கள், எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று அவள் குறித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் ஒரு விஷயம். மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் கறப்பதும் நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு உறுப்பினர் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது உங்கள் பெயரா, உங்கள் கணவர் பெயரா? அவர் பெயர் என்றால், அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு ஓட்டு கிடையாது. அது ஏன் அப்படி ஆனது என்று மகளிடம் கேளுங்கள். அவளுடைய ஆய்வுத் தலைப்பு அங்கேயே கிடைக்கலாம்.