பழைய வீட்டு ஜன்னல் கண்ணாடி நெளிந்து தெரிகிறதே, அது காலப்போக்கில் வழிந்துவிட்டதா?

இல்லை. உங்கள் பாட்டி வீட்டுக் கண்ணாடி வழியவில்லை. செய்த அன்றே அது அப்படித்தான் இருந்தது. "கண்ணாடி ஒரு திரவம், நூறு ஆண்டில் மெல்ல இறங்கி அடியில் தடித்துவிடும்" என்று உங்களிடம் சொன்னவர் அநேகமாக வீட்டைப் புதுப்பிக்க வந்த பொறியாளராக இருப்பார். அப்படி ஒருவரை நானும் சந்தித்திருக்கிறேன்.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கண்ணாடிக் கடை. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஜன்னல் வேலைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பொறியாளர் வீட்டுக்கார அம்மாவிடம், "ஆச்சி, இதெல்லாம் உருகி இறங்கிவிட்டது, இனி தாங்காது, மொத்தமாக மாற்றிவிடலாம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும், கல்லாக இறுகிப்போன மக்கை உளியால் சுரண்டி, சில கண்ணாடிகளைக் கழற்றித் துடைத்து, தடிப்பை அளக்கும் வெர்னியர் கருவியை வைத்து நான்கு ஓரங்களையும் அளந்து காட்டினேன். ஒன்றில் அடிப்பக்கம் தடிப்பு. அடுத்ததில் இடப்பக்கம். இன்னொன்றில் மேல்பக்கம்தான் தடிப்பு. கண்ணாடி மேல் நோக்கியா வழியும்? ஆச்சியே ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கிறபடியே மாட்டிவிடுங்கள் தம்பி" என்றார்.

அந்தத் தடிப்பும் நெளிவும் எங்கிருந்து வந்தன? செய்முறையிலிருந்துதான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஊதிய கண்ணாடிக் குமிழைக் கம்பியில் ஒட்டிச் சுழற்றி, வட்டத் தகடாக விரியவைத்து, அதிலிருந்து சதுரங்களை வெட்டினார்கள். நடுவில் தடிப்பு, விளிம்பில் மெலிவு. பிறகு நீண்ட உருளையாக ஊதி, இரு முனைகளையும் நறுக்கி, நெடுக்கில் பிளந்து, சூளையில் விரித்துத் தட்டையாக்கினார்கள். 1851-இல் லண்டன் கண்காட்சிக்கு எழுப்பிய கிரிஸ்டல் பேலஸின் சுமார் மூன்று லட்சம் கண்ணாடிகளும் இப்படி ஆள் ஊதிச் செய்தவைதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் எமில் ஃபூர்கோ, உருகிய கண்ணாடியை இயந்திரத்தால் செங்குத்தாக மேலே இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார். வேகம் கூடியது, ஆனால் இழுத்த கோடுகள் மறையவில்லை. நெளிவே இல்லாத கண்ணாடி வேண்டுமானால் தடித்த பலகையாக வார்த்து, இருபுறமும் மணல் போட்டு அரைத்து, மெருகேற்ற வேண்டும். செலவு அதிகம். தேய்ந்து வீணாவதும் அதிகம்.

இதை மாற்றியவர் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸில் இருந்த அலஸ்டேர் பில்கிங்டன். நிறுவனத்தின் பெயரும் பில்கிங்டன்தான், ஆனால் அவர் முதலாளி குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிடுவது அவர் யோசனை. தண்ணீரில் எண்ணெய் போல அது தானாகவே பரவிச் சமமாகிவிடும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஆனால் ஆயிரம் டிகிரியிலும் கொதிக்காது. கண்ணாடி சுமார் 600 டிகிரிக்குக் குளிர்ந்து வெளியேறும்போதும் அடியில் வெள்ளீயம் திரவமாகவே இருக்கும். காற்று பட்டால் வெள்ளீயம் கெட்டுவிடும் என்பதால் மேலே நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் நிரப்பினார்கள். சொல்லும்போது எளிதாகத் தெரிகிறது. யோசனை தோன்றியது 1952-இல், உலகுக்கு அறிவித்தது 1959-இல். செலவு சுமார் 70 லட்சம் பவுண்டு. ஆலை ஓடத் தொடங்கி 14 மாதங்கள் விற்கத் தகுந்த கண்ணாடியே வரவில்லை, எல்லாவற்றையும் உடைத்துப் போட்டார்கள். அப்போதும் நிறுத்தாத அந்த நிர்வாகத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இன்று ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலையிலிருந்து வரும் கண்ணாடியும் இதே முறையில் செய்ததுதான்.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை பாடுபட்டு வந்த பொருளைத் தோளில் தூக்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றுபவருக்குக் கையுறை வாங்கித் தர ஒப்பந்தக்காரருக்கு மனம் வருவதில்லை. சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசுவார். எங்கள் பையன்களின் முன்கையைப் பார்த்தால் அவர் அப்படிப் பேச மாட்டார்.

"கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படவில்லை, படிகம் இல்லை, ஆகவே அது திரவம்தான்" என்று இயற்பியல் படித்தவர்கள் கீழே எழுத வருவார்கள். முதல் இரண்டும் சரி, மூன்றாவது சரியில்லை. ஜன்னல் கண்ணாடி இளகத் தொடங்கவே 500 டிகிரிக்கு மேல் வேண்டும். அறை வெப்பத்தில் நூறு ஆண்டில் வழியுமென்றால், 1897 முதல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் இருக்கும் ஒரு மீட்டர் அகலத் தொலைநோக்கி லென்ஸ் என்றோ பயனற்றுப் போயிருக்கும். ரோமானியர் காலக் குப்பிகள் இன்றும் வடிவம் மாறாமல் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

உங்கள் கண்ணாடிகளைக் கழற்றாதீர்கள். மக்கு உதிர்ந்திருந்தால் அதை மட்டும் புதிதாக வைத்தால் போதும். ஒன்றிரண்டு உடைந்திருந்தால், பழைய வீடுகளை இடித்துச் சாமான் விற்பவர்களிடம் கேளுங்கள், அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். இடையில் யாராவது புதுக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால், குறுகிய அலைநீளப் புறஊதா விளக்கை இருட்டில் இருபுறமும் காட்டிப் பாருங்கள். மிதக்கவிட்டுச் செய்த புதுக் கண்ணாடியில் வெள்ளீயத்தைத் தொட்ட பக்கம் மட்டும் பால் போல மங்கலாக ஒளிரும். அந்த விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்க வேண்டாம்.