மலேசியாவில் பெரிய டெலஸ்கோப் இல்லையே, இங்கிருந்தே கேலக்ஸிகளின் மூலக்கூறு வாயுவை ஆராய முடியுமா?

முடியும். நானே செய்தேன், செந்தூலில் ஒரு வாடகை அறையில், காற்றாடி கடகடக்க. கேட்டவர் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வு முடித்தவராக இருக்கலாம். வீட்டில் யாரோ "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று சொல்லியிருப்பார்கள்.

டெலஸ்கோப் இங்கே இருந்தாலும் பிரயோசனமில்லை. நமக்கு வேண்டிய மில்லிமீட்டர் நீள ரேடியோ அலைகளை நீராவி விழுங்கிவிடும். கோலாலம்பூர் காற்றில் துவைத்த சட்டையே காயாது. அதனால்தான் அல்மா என்ற ரேடியோ டெலஸ்கோப்பின் 66 ஆண்டெனாக்களும் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அதில் பார்க்க நேரம் வாங்கியவர்களுக்குத் தரவின்மேல் பொதுவாக ஓராண்டு உரிமை, அப்புறம் தரவு எல்லாருக்கும் இலவசம். மென்பொருளும் இலவசம்தான். ஹார்ட் டிஸ்க் மட்டும் பெரிதாக வாங்குங்கள்.

அறை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். வாடகைக்கு அறை கேட்டால் வீட்டுக்காரர்கள் ஃபோனில் நன்றாகப் பேசுவார்கள். பெயரைக் கேட்டதும் "ஆள் வந்தாச்சு". எனக்கு நான்கு முறை நடந்தது. விளம்பரத்திலேயே 'இந்தியர் வேண்டாம்' என்று போடுகிறவர்களாவது நம் பஸ் காசை மிச்சப்படுத்துகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். ஆனால் அந்த மூலக்கூறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், குளிர்ந்த நிலையில் ரேடியோவில் வாயே திறக்காது. கூடவே இருக்கும் கார்பன் மோனாக்சைடு பேசும். கோயில் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்வதைப் போலத்தான். கருந்துளை சுறுசுறுப்பாக இருக்கும் கேலக்ஸியின் நடுவில் வாயு சூடாகிக் கலங்கிக் கிடக்கும். அங்கே எத்தனை செருப்புக்கு எத்தனை ஆள் என்ற கணக்கே மாறிவிடும். ஆய்வாளர்களின் பாதிச் சண்டை இதில்தான்.

என் எம்எஸ்சிக்கு நான் எடுத்தது என்ஜிசி 7469. 20 கோடி ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருக்கிறது, இதற்குப் பெயர் பக்கத்து கேலக்ஸி! 230.5 கிகாஹெர்ட்ஸில் வரவேண்டிய கார்பன் மோனாக்சைடு கோடு (அதன் ரேடியோ சமிக்ஞை), கேலக்ஸி நம்மைவிட்டு விலகிப் போவதால், 226.8 அருகே வந்து சேர்கிறது. அந்த நகர்வை வேகக் கணக்காக மாற்றினால் விநாடிக்கு ஏறக்குறைய 4810 கிலோமீட்டர். கட்டுரைகளிலோ அந்தக் கேலக்ஸியின் வேகம் 4890. அப்படியானால் கேலக்ஸியோடு ஒப்பிட்டால் வாயு நம்மை நோக்கி விநாடிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கருந்துளை ஊதித் தள்ளுகிறது!

மூன்று வாரம் தூக்கமில்லை. மேற்பார்வையாளரும் தலையாட்டிவிட்டார். அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அவர் அன்றைக்கே ஒட்டுக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

ஆய்வுக்குழுக் கூட்டத்தில் காட்டியபோது, ஜூனியர் பையன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இது ரேடியோ வேகமா, ஆப்டிகல் வேகமா?"

அவ்வளவுதான். ரேடியோக்காரர்கள் நகர்வை அதிர்வெண்ணை வைத்துக் கணக்கிடுகிறார்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்கும் ஆப்டிகல்காரர்கள் அலைநீளத்தை வைத்து. வேகம் குறைவென்றால் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும். கட்டுரைகளில் இருந்தது ஆப்டிகல் கணக்கு. 4890-இல் வித்தியாசம் ஏறத்தாழ 80. என் தரவுக் கோப்பின் தலைப்பகுதியில் 'ரேடியோ' என்று முதல் நாளிலிருந்தே எழுதியிருந்தது.

"இது முதல் வாரப் பாடமாச்சே" என்று கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களுக்கு: ஆமாம், முதல் வாரப் பாடம்தான். எனக்கு அதை யாரும் முதல் வாரத்தில் சொல்லித்தரவில்லை. அந்தக் கேலக்ஸியில் அயனி வாயு (மின்னேற்றம் பெற்ற வாயு) வெளியேறுவது உண்மைதான், அதற்காக நான் கண்டது அது என்றும் சொல்லவில்லை. பிறகு திருத்தி, வாயு நடுவைச் சுற்றும் விதத்தை அளந்து பட்டம் வாங்கிவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "அந்தக் காத்து இன்னும் அடிக்குதாம்மா?"

"நின்னுடுச்சுப்பா" என்றேன்.