ஹாரி கேன் ஜெயித்தும் பந்தயப் பணம் ஏன் குறைந்தது?

ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோ 2024-இல் அதிக கோல் அடிப்பவர் இங்கிலாந்தின் ஹாரி கேன் என்று பணம் கட்டியவர்களுக்கு ஏன் முழுத் தொகை கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலிடத்தில் அவர் தனியாக இல்லையே! கேன், முசியாலா, டானி ஓல்மோ, காக்போ, ஜார்ஜியாவின் மிகாவ்தாட்சே, ஸ்லோவாக்கியாவின் ஷ்ரான்ஸ் என ஆறு பேர், ஆளுக்கு 3 கோல். இப்படிச் சமமாக வந்தால் பிரிட்டிஷ் பந்தய நிறுவனங்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது ‘டெட் ஹீட்’ விதி. குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. இதில் கட்டிய பணம்தான் துண்டாகும். கட்டிய பணமும் சேர்த்து ஒன்றுக்கு ஏழு கிடைக்கும் என்று 60 பவுண்டு கட்டினீர்கள் என்று வையுங்கள். ஆறில் ஒரு பங்கான 10 பவுண்டு மட்டும் ஜெயித்ததாகக் கணக்கு. கைக்கு வருவது 70. மீதி 50 போச்சு. கேன் தனியாக முந்தியிருந்தால் 420!

சில இடங்களில், அதிக கோல் அடித்தவருக்கான ‘கோல்டன் பூட்’ விருதை வாங்கியவர் மட்டுமே வெற்றியாளர் என்று விதி இருக்கும். அப்போது கதையே வேறு. 2010 உலகக் கோப்பையில் முல்லர், வியா, ஸ்னைடர், ஃபோர்லான் நால்வரும் 5 கோல் அடித்தார்கள். சக வீரர்கள் கோல் போட அதிகம் உதவியதால் விருது முல்லருக்குப் போனது.

அப்புறம், ஆட்டம் சமனில் முடிந்தால் வெற்றியாளரை முடிவு செய்ய நடக்கும் பெனால்டி ஷூட்-அவுட்டில் அடிக்கும் கோல் எதுவும் இந்தக் கணக்கில் சேராது.