செட் தோசை முதல் செட் அசைட் வரை: கேள்வி பதில்

பெங்களூரில் காலையில் செட் தோசை, சாயங்காலம் ‘செட் ஆகல்ல குரு’. நடுவில் ஆபீஸில் எத்தனை செட் என்று கணக்கில்லை. இந்த ஒரு சொல்லைப் பற்றி நகரத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அகராதிப் பணியிலும் மொழிபெயர்ப்பிலும் இருக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

கல்லூரி மாணவி, அல்சூர்: இங்கிலீஷ்லயே அதிக அர்த்தம் உள்ள சொல் ‘செட்’தான்னு சொல்றாங்களே, நிஜமா சார்?

1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அதுதான் மிக நீளமான பதிவு. ஏறத்தாழ 60,000 சொற்கள். வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். பின்னால் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ 645 பொருளோடு முந்திவிட்டது.

எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அடியில் இருப்பவை இரண்டே வேர்கள். ஒன்று பழைய ஆங்கிலத்து ‘செட்டான்’. அது ‘சிட்’ என்ற தன்வினையின் பிறவினை. நாம் அமர் – அமர்த்து, இரு – இருத்து என்கிறோமே, அதே கதை. மற்றது லத்தீன் ‘செக்டா’. ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கிலத்தில் ஒலி ஒன்றாகிவிட்டது. ஆகவே ஒரு ‘செட்’ எதிரே வந்தால், உட்கார வைக்கிற செட்டா, கூட்டமாக நிற்கிற செட்டா என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஶ்ரீராமபுரம் வாசகர்: செட் தோசைங்கிறது மாவு செட் ஆகுறதாலயா?

இல்லை, அது கூட்டத்துச் செட். தட்டில் மூன்றாக வைத்து, சாகு என்ற காய்கறிக் குருமா, சட்னியோடு ஒரு தொகுதியாகத் தருவதால் அந்தப் பெயர். மென்மைக்குக் காரணம் மாவில் சேரும் அவல். 2 கப் இட்லி அரிசிக்கு அரை கப் உளுந்து, அரை கப் அவல், ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்பது வீட்டுக்கு ஒத்துவரும் அளவு. மாவை ஊற்றியபின் கரண்டியால் இழுத்துத் தேய்த்தால் துளைகள் விழாது, சாதாரணத் தோசையாகிவிடும்.

பள்ளி ஆசிரியை, ஜெயநகர்: பிள்ளைகளுக்கு இந்த வினைச்சொல்லை எப்படிப் புரியவைப்பது? ஒவ்வொரு பொருளாக மனப்பாடம் செய்யச் சொல்வது கொடுமையாக இருக்கிறது.

கொடுமைதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தேவையும் இல்லை, கையில் ‘வை’ இருக்கிறது. தீ வை, பொறி வை, விலை வை, நிபந்தனை வை, அலாரம் வை, ஒதுக்கி வை: எல்லா இடத்திலும் ஆங்கிலம் ‘செட்’ போடும். ‘வை’ என்ற இந்த ஒரு சாவியில் பெரும்பாலான பூட்டு திறக்கும்.

திறக்காத இடங்கள் இரண்டு. முதலாவது, ‘புட்’ என்பதற்கும் நாம் ‘வை’ என்றே சொல்கிறோம். போனை மேஜைமேல் சும்மா வைத்தால் ‘புட்’. சரியான இடத்தில், சரியான அளவில், நிலைக்கும்படி வைத்தால் ‘செட்’. அதனால்தான் கடிகாரம், வெப்பநிலை, வினாத்தாள் எல்லாம் செட்.

இரண்டாவது, யாரும் வைக்காமல் தானே நடக்கும் செட். தயிர் உறைவது, ஜெல்லி இறுகுவது, சூரியன் மறைவது. இங்கே ‘வை’ உதவாது. சூரியனை ஆங்கிலம் உட்கார வைத்தது. தமிழ் ‘படுஞாயிறு’ என்று படுக்கவே வைத்துவிட்டது. இதை வகுப்பில் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

இலக்கணத்தில் ஒரே எச்சரிக்கை: இந்த வினைக்கு இறந்தகால உருவம் மாறாது. ‘செட்டட்’ என்று ஒன்று கிடையாது. ‘ஷீ செட்ஸ் த டேபிள்’ என்றால் வழக்கமாக வைக்கிறாள். ‘ஷீ செட் த டேபிள்’ என்றால் வைத்தாள். கடைசி ‘ஸ்’ ஒன்றுதான் காலத்தைக் காட்டுகிறது. விடைத்தாளில் அதிகம் தவறுவதும் அங்கேதான்.

வீடு கட்டுபவர், ஹொரமாவு: மேஸ்திரி மறுநாளே ‘கான்கிரீட் செட் ஆயிடுச்சு’ன்னு சொல்றார். அப்ப சென்ட்ரிங் பிரிக்கலாமா?

பொறுங்கள். செட் ஆவதும் பலம் வருவதும் வேறு வேறு. சிமென்டுக்கான இந்தியத் தரப்படி, கலவை இறுகத் தொடங்க 30 நிமிடமாவது ஆக வேண்டும். முழுக்க இறுக 600 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. வைகாட் ஊசி என்ற கருவியால் சிமென்ட் பசையைக் குத்திப் பார்த்து இதை அளக்கிறார்கள். ஆக, 10 மணி நேரத்தில் செட் ஆவது இயல்பு. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. ஆனால் ஊசி இறங்காத அளவு இறுகியது என்பதற்குமேல் அதற்கு அர்த்தம் இல்லை.

சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு, கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 456 சொல்வது: தூண், சுவர்ப் பக்கப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம். தளத்தைத் தாங்கும் முட்டுகளை, தாங்கல்களுக்கு இடையே உள்ள தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாளும், அதற்கு மேல் என்றால் 14 நாளும் விட வேண்டும். கடையில் இன்று அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி மூட்டை. அது மெதுவாகப் பலம் பிடிக்கும், கூடுதல் நாள் கொடுங்கள். தண்ணீர் ஊற்றி ஈரம் காப்பது சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்டுக்கு 10 நாள்.

இன்னொன்று. செட் ஆவதை ‘காயுது’ என்று சொல்லும் பழக்கம் ஆபத்தானது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. சீக்கிரம் காய்ந்தால்தான் வெடிப்பு. அதேபோல் இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறிப் போடச் சம்மதிக்காதீர்கள். இளகும், ஆனால் பலம் போய்விடும்.

சிவாஜிநகர் வாசகர்: கோர்ட் ஆர்டர்ல ‘செட் அசைட்’னு வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் ‘ஒத்தி வெச்சிருக்காங்க’ங்கிறார்.

அவர் சொல்வது தவறு, விளைவும் பெரிது. பணத்தை ‘செட் அசைட்’ என்றால் ஒதுக்கி வைப்பது. தீர்ப்பை ‘செட் அசைட்’ என்றால் ரத்து. கீழ் நீதிமன்ற உத்தரவு இனிச் செல்லாது. தற்காலிகமாக நிறுத்தி வைப்பதற்குச் சொல் ‘ஸ்டே’. ஒத்திவைப்பு ‘அட்ஜர்ன்’. உங்கள் உத்தரவில் ‘செட் அசைட் அண்ட் ரிமாண்டட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பழைய உத்தரவு போனது, வழக்கு போகவில்லை. கீழே மறுபடி விசாரிப்பார்கள்.

நீங்கள் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால் அதை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கும் இதே சொல்தான். கெடு 30 நாள். சம்மன் முறையாக வந்து சேரவில்லையென்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிரேசர் டவுன் வாசகி: ஆடிட்டர் ‘லாஸ் செட் ஆஃப்’னு எழுதியிருக்கார். நான் கிளம்புறதுக்குத்தானே செட் ஆஃப்னு படிச்சேன்?

கிளம்புவதும் அதுவே, பட்டாசு கொளுத்துவதும் அதுவே. கணக்கில் மட்டும் ஈடுகட்டுதல்: ஒரு நஷ்டத்தை ஒரு லாபத்தில் கழித்தல். பங்கு விற்றதில் நீண்டகால நஷ்டம் என்றால் நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். மிச்ச நஷ்டம் 8 ஆண்டு வரை தொடரும், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால்.

மென்பொருள் வேலை, ஒயிட்ஃபீல்டு: பைத்தான்ல காலியான செட் வேணும்னு வெறும் நெளிவு அடைப்புக்குறி போட்டேன். ‘ஆட்’ போட்டா எரர் வருது அண்ணா.

வெறும் நெளிவு அடைப்பு ‘டிக்ட்’டை, அதாவது சாவி–மதிப்பு ஜோடிகளின் தொகுப்பை உருவாக்கும், தம்பி. காலி செட்டுக்கு செட் என்று எழுதிச் சாதாரண வளைவு அடைப்பைத் திறந்து மூடுங்கள். செட்டுக்குள் லிஸ்ட்டைப் போட்டாலும் எரர் வரும், மாறக்கூடிய பொருளுக்கு ஹாஷ் என்ற அடையாள எண் கிடையாது என்பதால்; மாறாத பட்டியலான டியூபிளாக மாற்றிப் போடுங்கள். உறுப்புகள் எந்த வரிசையில் வரும் என்று நம்ப வேண்டாம். இந்தச் செட் கணிதத்துக் கணம். தமிழ்நாட்டுப் பாடநூலில் கணம், உட்கணம், வெற்றுக் கணம். இலங்கையில் இதையே ‘தொடை’ என்பார்கள்.

லிங்கராஜபுரம் வாசகர்: ‘அந்த ஷிஃப்ட் எனக்கு செட் ஆகாது’ – ஹெச்ஆருக்கு இதை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?

‘சூட்’ என்ற சொல்லைப் போடுங்கள், அல்லது ‘வொர்க்’. ‘வில் நாட் செட்’ என்று எழுதினால் ஜெல்லியைப் பற்றிச் சொல்வதாக நினைப்பார்கள். ‘செட்டப்’பிலும் கவனம். தமிழில் அதற்கு உள்ள கொச்சைப் பொருள் ஆங்கிலத்தில் இல்லை; அங்கே ‘இட்ஸ் எ செட்டப்’ என்றால் யாரோ சதி செய்து மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். எழுதும்போது பெயர்ச்சொல் சேர்ந்து ஒரே சொல், வினை பிரிந்து இரண்டு சொல்.

மாடித் தோட்டக்காரர், விவேக்நகர்: தக்காளி நிறையப் பூக்குது, காய்க்கல. ‘புவர் ஃப்ரூட் செட்’னு நர்சரியில சொல்றாங்க.

பிஞ்சு பிடிக்கவில்லை என்பதுதான். ஏப்ரல் வெயிலில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், அல்லது தழைச்சத்து அதிகமாகி இலையாகவே வளரும். பூத்த கொத்தைக் காலையில் விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். கரும்புக் கரணைக்கும் ஆங்கிலத்தில் இதே ஒலிதான், எழுத்தில் மட்டும் கடைசியில் ‘டி’ இரண்டு.

தச்சர், கம்மனஹள்ளி: ரம்பத்துக்கு செட் வெக்கிறதுங்கிறது எந்தச் செட்?

வைக்கிற செட். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் லேசாக வளைத்து வைப்பது. அப்போதுதான் வெட்டு தகட்டைவிட அகலமாக விழும், ரம்பம் மரத்தில் இறுகாது. பச்சை மரத்துக்குச் சற்று அதிகம், காய்ந்த தேக்குக்குக் குறைவு. ஒரு பக்கம் கூடுதலாகிவிட்டால் வெட்டு அந்தப் பக்கமே இழுக்கும்.