பெரிய வெள்ளியில் கண்ணீர் வரவில்லை

கேள்வி: என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த 18 நாளும் எதிர்வீட்டு அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். பணம் கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள். அவர்களை நினைத்தாலே கண் கலங்குகிறது. ஆனால் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் உட்கார்ந்து கேட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. இயேசுவைவிட மனுஷர் எனக்குப் பெரிதாகிவிட்டார்களா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். கஞ்சியின் சூடு உங்கள் கையில் பட்டது, கண் கலங்கியது. சிலுவையைப் பற்றி ஞாயிறு பள்ளி நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதிய நிருபத்தை, அதாவது கடிதத்தை, ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், மொத்தமே 4 அதிகாரம்தான். கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்து சிலுவையின் மரணம்வரைக்கும் தம்மைத் தாழ்த்தினார் என்று நாம் அடிக்கடி கேட்கிற பகுதி அதன் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே வந்தால் எப்பாப்பிரோதீத்து. பிலிப்பி சபையார் கொடுத்தனுப்பியதைக் காவலில் இருந்த பவுலிடம் கொண்டுவந்து சேர்த்தவர், அந்த ஊழியத்தில் வியாதிப்பட்டுச் சாவுக்குப் பக்கத்தில் போய்வந்தவர். 4ஆம் அதிகாரத்திலோ, தெசலோனிக்கேயில் இருந்தபோதும் நீங்கள் எனக்கு அனுப்பினீர்களே என்று பழையதையெல்லாம் நினைத்து எழுதுகிறார் பவுல். சிலுவையும், கஷ்டத்தில் கைகொடுத்தவர்களும் ஒரே கடிதத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? சாட்சி நேரத்தில் எழுந்து 'கர்த்தர் நடத்தினார்' என்கிறோம், யாரைக் கொண்டு நடத்தினார் என்பதை விட்டுவிடுகிறோம். எனக்கு ரொம்ப நாளாக மனசில் உறுத்துகிற விஷயம் இது.

பணத்தை மறுபடி நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை நம் ஊரில் யாரும் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, இரண்டு முறுக்கோ ஒரு பிடி முருங்கைக்கீரையோ வைத்துத்தான் கொடுப்போம். அதைக் கடனை அடைப்பதாக யாரும் நினைப்பதில்லை, போக்குவரத்து விட்டுப்போகக் கூடாது என்றுதான் கொடுக்கிறோம்.

116ஆம் சங்கீதக்காரருக்கும் உங்கள் கேள்விதான். கர்த்தர் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும் அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன் என்கிறார். அடுத்த வரியில் என்ன வருகிறது தெரியுமா? இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொள்வேன் என்கிறார். கேட்டது கொடுப்பதைப் பற்றி, ஆனால் வாயில் முதலில் வருகிற பதில் வாங்கிக்கொள்வதைப் பற்றி! எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பஸ்கா பண்டிகையில் பாடுகிற சங்கீதங்களில் இதுவும் ஒன்று. தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்தப் பஸ்கா இரவில்தான் இயேசு, தமக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே, பாத்திரத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணி சீஷர்களுக்குக் கொடுத்தார்.

அதனால், அந்த இரவை நினைத்து நாம் அப்பமும் பாத்திரமும் வாங்குகிற திருவிருந்து அடுத்து வரும்போது, கண்ணீர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டே முழங்கால் போடாதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் 18 நாள் தூக்கை வாங்கின அதே கையை நீட்டி அப்பத்தை வாங்குங்கள். அந்த நேரத்தில் அக்கா முகம் நினைவுக்கு வந்தால் வரட்டும், தள்ளிவிட வேண்டாம், அவர்கள் பெயரைச் சொல்லியே ஸ்தோத்திரம் பண்ணுங்கள். அப்புறம் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.