வழி விடாத ஸ்வீடனும் வழி கேட்டவர்களும்

கேள்வி: சோவியத் படை பின்லாந்துக்குள் புகுந்து போர் நடந்துகொண்டிருந்த 1940 தொடக்கத்தில் நார்வேயும் ஸ்வீடனும் வழி விட்டிருந்தால், பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்பிப் பின்லாந்தை ஸ்டாலினிடமிருந்து காப்பாற்றியிருக்கும் அல்லவா? மறுத்தாலும் அடித்துப் புகுந்து போயிருக்க வேண்டாமா?

பதில்: வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். நார்வேயின் நார்விக் துறைமுகத்தில் இறங்கி, அங்கே ரயிலேறி, ஸ்வீடனின் கிருனா வழியாகப் பின்லாந்து போவதுதான் திட்டம். கிருனாவில் என்ன இருக்கிறது? இரும்புத்தாது. ஹிட்லரின் எஃகு ஆலைகள் நம்பியிருந்த தாது. குளிர்காலத்தில் ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே உள்ள போத்னியா வளைகுடா உறைந்துவிடும். அப்போது ஜெர்மனிக்கு அது கப்பலேறியது இதே நார்விக்கில்தான். வருகிற படையில் பெரும்பகுதி சுரங்கத்திலும் ரயில் பாதையிலும் துறைமுகங்களிலும் தங்கிவிடும், மிச்சம்தான் பின்லாந்துக்கு என்பதே ஏற்பாடு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

சரி, அடித்துப் புகுந்ததாகவே வைத்துக்கொள்வோம். அது மின்சார ரயில் பாதை. ஸ்வீடன்காரர்கள் துப்பாக்கியைத் தொடவே வேண்டாம், மின்சாரத்தை நிறுத்தினால் போதும். அதையும் தாண்டி எல்லைக்குப் போனால், ஹாபரண்டாவோடு ஸ்வீடன் தண்டவாளம் முடிந்துவிடும். எதிர்ப்புறம் தோர்னியோவில் ஜார் காலத்து ரஷ்ய அகலப் பாதை. பீரங்கி முதல் பிஸ்கட் பெட்டி வரை எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். சண்டையோ நாட்டின் மறுகோடியில், கரேலியாவில். மார்ச் தொடக்கத்தில்தான் முறைப்படி வழி கேட்டார்கள். மார்ச் 12-ல் மாஸ்கோவில் பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் சமாதான ஒப்பந்தமே கையெழுத்தாகிவிட்டது.

அப்புறம், ஸ்டாலின் அன்றைக்கு ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டிருந்தவர். பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஸ்டாலினின் செஞ்சேனையும் பனியில் ஒருவரையொருவர் சுட்டிருந்தால், ஜெர்மனியோடு போரில் இருந்த லண்டன் மாஸ்கோவையும் வலியப் போய் எதிரியாக்கிக்கொண்டிருக்கும். 1941 ஜூன் 22-ல் ஹிட்லர் ரஷ்யா மேல் பாய்ந்தார். அன்று இரவே வானொலியில் ரஷ்யாவுக்கு உதவுவோம் என்றார் சர்ச்சில். அந்தப் பேச்சை எந்த முகத்தோடு பேசியிருப்பார்?

வழி விடாததால் நார்வே தப்பிவிடவில்லை என்பது உண்மைதான். 1940 ஏப்ரல் 9-ல் ஜெர்மனி புகுந்துவிட்டது. ஸ்வீடனையும் உத்தமர் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஆனால் கைகட்டி நின்றதாக நினைத்துவிடாதீர்கள். சுமார் 8,000 தொண்டர்கள் அங்கிருந்து பின்லாந்துக்குப் போனார்கள். துப்பாக்கியும் பீரங்கியும் போயின. ஜெர்மனியோடு போரில் இருந்தவர்களின் படையை மட்டும்தான் விடவில்லை. விட்டிருந்தால் துரத்திக்கொண்டு ஜெர்மன் படை வரும், அடி விழுவது ஸ்வீடன் மண்ணில் என்ற பயம். நியாயமான பயம்.

எனக்கு உறுத்துவது வேறு. 1941 கோடையில், அதே பின்லாந்துக்குப் போக, நார்வேயிலிருந்து ஒரு முழு ஜெர்மன் டிவிஷனுக்கு ரயில் விட்டதும் இதே ஸ்வீடன்தான். அதைக் கேளுங்கள், சேர்ந்து திட்ட நானும் வருகிறேன்.